நடிகர் பெருமகன் ஆல்ட்ரிட்ஜ்

ஷேக்ஸ்பியர் இயற்றிய ஒதெல்லோ நாடகத்தின் தலைவன் கருநிற வீரன். ஆயின், இருநூறு ஆண்டுகளாக ஆங்கில நாட்டின் பேரரங்குகளில் அவனாகத் தோன்றியவர்கள் வெள்ளையரே. முகத்தில் நிறம் தீட்டிக்கொண்டு அவர்கள் நடித்தனர். அவ்வழக்கத்தைத் தம் திறமையொன்றையே துணையாகக் கொண்டு எதிர்த்து நின்றவர் ஐரா ஆல்ட்ரிட்ஜ்.

இவர் 1807ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அந்நகரில் அடிமை முறை அப்போது முற்றும் ஒழிந்தபாடில்லை. கறுப்பினத்தார் 1821இல் தமக்கென ஒரு நாடக அரங்கு அமைத்தனர். அதனையும் வெள்ளையர் சிலர் பொறுத்திலர், கலகம் விளைத்தனர். நடிகர்கள் சிறைப்பட்டதும் உண்டு. தாய்நாட்டில் தம் கலைக்கு இடமில்லை எனத் தெளிந்த ஆல்ட்ரிட்ஜ், 1824இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

ஆங்கும் ஒரு தடை அவருக்கு முன்னரே சென்று காத்திருந்தது. சார்லசு மாத்யூசு என்னும் நகைச்சுவை நடிகர், அமெரிக்காவில் தாம் கண்ட கறுப்பின நடிகர் ஒருவர் ஹாம்லெட் நாடகத்தை உளறிக் கொட்டியதாக நடித்துக் காட்டி, இலண்டன் மக்களைச் சிரிக்க வைத்திருந்தார். கேலியை மெய்யென நம்பியோர் பலர். ஆதலின் ஆல்ட்ரிட்ஜ் மேடையேறியபோது, நகைப்பதற்கென்றே வந்தோரும் இருந்தனர். அவர் ஒதெல்லோவாக நின்று அவர்களைக் கண்ணீர் சிந்தச் செய்தார். அதே இரவில் முங்கோ என்னும் கோமாளி அடிமையாகவும் வந்து சிரிக்க வைத்தார். இவ்வேடத்தை அவர் ஏற்றது தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். ஆயின், இரண்டையும் ஒருவரே நடிக்கக் கண்டவர்களுக்கு, கோமாளித்தனம் கறுப்பினத்தாரின் இயல்பன்று, வெறும் வேடமே என்பது விளங்கியிருக்கும்.

1833ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், புகழ்பெற்ற எட்மண்டு கீன் ஒதெல்லோவாக நடித்துக்கொண்டிருக்கையில் மேடையிலேயே தளர்ந்து சாய்ந்தார். அடுத்த திங்களில் அவ்வேடம் கோவென்ட் கார்டன் அரங்கில் ஆல்ட்ரிட்ஜுக்கு வாய்த்தது. அடிமை ஒழிப்புச் சட்டம் பற்றி நாடே சொற்போரிட்டுக் கொண்டிருந்த காலம் அது. இலண்டன் இதழ்கள் சில அவர்மீது நஞ்சு கக்கின. நடிப்பைக் காட்டிலும் அவரது நிறமே அவற்றின் கண்ணை உறுத்தியது. இரண்டே இரவுகளில் நாடகம் நின்றது.

ஆல்ட்ரிட்ஜ் சோர்ந்தாரல்லர். ஊர் ஊராகச் சென்று நடித்தார். கறுப்பின மாந்தர் இடம்பெறும் நாடகங்களோ மிகச் சில. ஆகவே, முகத்தில் வெண்பூச்சு இட்டுக்கொண்டு ஷைலாக்காகவும், மூன்றாம் ரிச்சர்டாகவும், லியர் மன்னனாகவும் தோன்றினார்! 1852 முதல் ஐரோப்பிய நாடுகள் பலவும் அவரை வரவேற்றன. பிரஷ்ய மன்னர் பொற்பதக்கம் அளித்தார். உருசிய நாட்டில், முன்னாளில் பண்ணையடிமையாயிருந்த உக்ரேனியக் கவிஞர் செவ்சென்கோ, 1858இல் அவருடன் நட்புப் பூண்டு அவரது உருவத்தைத் தம் கையால் வரைந்தார். ஒருவர் மொழி மற்றவர் அறியார்.

நாடகப் பயணத்தின்போதே, 1867இல் போலந்தின் லோட்சு நகரில் ஆல்ட்ரிட்ஜ் மறைந்தார். வெள்ளையர் கருமை பூசும் வழக்கம் அவரோடு ஒழிந்துவிடவில்லை. 1964இலும் லாரன்சு ஒலிவியர் அவ்வாறே ஒதெல்லோவாக நடித்தார். ஆயினும் இடையில், 1930இல், பால் ராப்சன் என்னும் கறுப்பின நடிகர் இலண்டனில் அவ்வேடம் ஏற்றார். அவருக்குச் சொல்லோட்டம் பயிற்றுவித்த ஆசிரியை அமண்டா, ஆல்ட்ரிட்ஜின் மகளாவார்.