கூடாரத்தில் வாழ்ந்த கலெக்டர்

சென்னைத் தீவுத்திடலை ஒட்டி, அங்கவடி இல்லாத குதிரைமேல் கம்பீரமாக அமர்ந்திருக்கும் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அவர்தான் சர் தாமஸ் மன்றோ. சென்னைக் கவர்னராக இருந்தவர். அங்கவடி எங்கே போயிற்று என்று கேட்பவர்கள் பலர். அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் ஒரே கேள்வியோடு மல்லுக்கு நின்றார் என்பதை அறிந்தவர்கள் குறைவு. சர்க்காருக்கு நிலவரி வேண்டும். அதை யார் மூலம் வசூலிப்பது?

1761-ல் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் பிறந்தார் மன்றோ. தந்தை அமெரிக்காவோடு வியாபாரம் செய்தவர். அமெரிக்க சுதந்திரப் போரில் வியாபாரம் நொடித்தது. மகன் பிழைப்புத் தேடிக் கும்பினிப் பட்டாளத்தில் சேர்ந்து, 1780-ல் சென்னையில் வந்து இறங்கினார். அதே ஆண்டில் ஐதர் அலியோடு சண்டை மூண்டது. போர்க்களத்தில் சில ஆண்டுகள் போயின.

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகாலும் சேலமும் கும்பினி வசமாயின. காப்டன் ரீடு என்பவரின் கீழ் வரி வசூலுக்குப் போனார் மன்றோ. ஏழு ஆண்டுகள்! தர்மபுரியில் ஆசையாகத் தோட்டம் போட்டார். வரப்பில் நின்று குடியானவர்களோடு பேசிப் பேசியே நிலத்தின் தரத்தைக் கற்றார். நடுவில் ஆள் வேண்டாம், உழுகிறவனோடு சர்க்கார் நேரே கணக்கு வைத்துக்கொள்ளட்டும் என்ற முடிவுக்கு வந்தார். இதுதான் ரயத்துவாரி முறை.

1800-ல் நிஜாம் கொடுத்த பெல்லாரி, கடப்பைச் சீமைக்கு அவரே தலைமைக் கலெக்டர். முதல் சில ஆண்டுகள் அவருக்கு வீடே கிடையாது, கூடாரந்தான். 33 அடிச் சங்கிலியைக் கொண்டு ஊர் ஊராக நிலம் அளக்கச் செய்தார்.

மேலிடத்து எண்ணமோ வேறு. 1793-ல் காரன்வாலிஸ் பிரபு வங்காளத்தில் ஜமீன்தார்களோடு நிரந்தர ஏற்பாடு செய்திருந்தார். சர்க்காருக்கு அதில் தலைவலி இல்லை. ஆயிரம் குடிசைகளுக்கு அலையாமல் ஒரு மாளிகைக் கதவைத் தட்டினால் போதும். தவணை தவறினால் ஜமீன் ஏலம்! அதே ஆசையில் சேலத்தையும் மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் போட்டார்கள். எடுத்தவர்களில் பலர் கிஸ்தி கட்ட முடியாமல் திவாலானார்கள். 1808 முதல் கிராமங்களையே மொத்தமாகக் குத்தகைக்கு விட்டுப் பார்த்தார்கள். அதுவும் பல ஜில்லாக்களில் குட்டிச்சுவராயிற்று.

மன்றோவின் வழி மட்டும் குற்றமற்றதா? வயல் வயலாக அளக்கவும் ஆள் ஆளாக வசூலிக்கவும் கர்ணம், தாசில்தார் என்று ஒரு படையே தேவை. ஜமீன்தார் போன இடத்தில் கச்சேரிச் சிப்பந்தி கை நீட்டினான். கோயமுத்தூர்க் கஜானாவில் நடந்த மோசடியை விசாரிக்க மன்றோவே போக நேர்ந்தது.

அதைவிடப் பெரிய குறை தீர்வை விகிதம். விளைச்சலில் நூற்றுக்கு 45 பங்கு! வசூலைப் பெருக்கிக் காட்டியவரும் மன்றோதான். அது தாங்காது என்று முதலில் எழுதியவரும் அவரேதான். 1807-ல் சீமைக்குத் திரும்பும் முன், தீர்வையில் கால்பங்கைக் குறையுங்கள், வேண்டாத நிலத்தை விட்டுவிடக் குடியானவனுக்கு உரிமை கொடுங்கள் என்று யோசனை அனுப்பினார். பணமுடையில் இருந்த கும்பினி கையை விரித்துவிட்டது.

லண்டனில் அவர் சும்மா இருக்கவில்லை. பார்லிமெண்டுக் கமிட்டி 1812-ல் வெளியிட்ட அறிக்கை அவர் பக்கம் சாய்ந்தது. 1820-ல் சென்னைக் கவர்னராக வந்தார். 13 ஆண்டுகளுக்கு முன் கலெக்டராகக் கேட்டுக் கிடைக்காததைக் கவர்னராக இருந்து தாமே உத்தரவிட்டார். ரயத்துவாரி பரவியது, அவர் பழைய ஜில்லாக்களில் தீர்வையும் குறைந்தது. அப்படியும் குடியானவனுக்குப் பாரம் பாரமாகத்தான் இருந்தது.

1827-ல் ஊர் திரும்ப மூட்டை கட்டியாயிற்று. போகுமுன் பழைய ஜனங்களை ஒரு முறை பார்த்துவிட்டு வரப் புறப்பட்டார். வழியில் பத்திகொண்டாவில் காலரா கண்டது. ஜூலை 6-ந் தேதி காலையில் நோய்; இரவில் மரணம். குத்தியில் புதைத்த உடலை 1831-ல் சென்னைக் கோட்டையிலுள்ள செயிண்ட் மேரி தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். கடப்பைப் பக்கத்தில் வெகுகாலம் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள். அவர் உயிர் விட்ட பத்திகொண்டாவில் சர்க்கார் ஒரு தோப்பு வைத்து, படிகளோடு ஒரு கிணறும் வெட்டியது.