மேரி ஆண்டர்சன் அம்மையார்

நாடாண்டோர், போர் வென்றோர், பாவியற்றினோர் முதலிய பெரியோர் சரிதைகளை நாம் விரும்பிப் படிக்கின்றோம். ஆயினும், நாள்தோறும் நமக்குப் பயன்படும் சிறு கருவிகளைக் கண்டு உதவினோர் யாவரென்று எண்ணிப் பார்ப்பார் சிலரே. பெருமழை பெய்யுங்கால் மோட்டார் வண்டியில் அமர்ந்து செல்வோர், முன்புறக் கண்ணாடியின்மேல் இடமும் வலமுமாக அசைந்து நீரைத் துடைக்கும் வைப்பரைக் காண்பர். கண்டும் அதனைப் பொருட்படுத்தார். அஃது இடைவழியில் நின்றுவிடுமாயின் அன்றோ அதன் அருமை புலனாகும்! அக்கருவியை உலகிற்கு நல்கிய மேரி ஆண்டர்சன் அம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பாலுள்ள அலபாமா மாகாணத்தில், கிரீன் கவுண்டி என்னும் பகுதியில், 1866-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள் அம்மையார் பிறந்தார். அவர் இளங்குழவியாய் இருந்தபோதே, 1870-ஆம் ஆண்டில், தந்தையார் காலமாயினார். அவர் வைத்துச் சென்ற பொருளின் வருவாயைக்கொண்டு குடும்பம் வாழ்ந்து வந்தது. 1889-ஆம் ஆண்டில் தாயும் மக்களும் பர்மிங்காம் என்னும் நகரையடைந்து, ஆங்குப் பலர் வாடகைக்குக் குடியிருத்தற்குரிய மாளிகையொன்றை எழுப்பினர். 1893-ஆம் ஆண்டில் அம்மையார் மேற்றிசைக்கண் உள்ள கலிபோர்னியா மாகாணத்துப் பிரெஸ்னோ நகருக்குச் சென்று, மாட்டுப்பண்ணையும் திராட்சைத் தோட்டமும் நடத்தினார்; 1898-ஆம் ஆண்டில் மீண்டும் பர்மிங்காம் நகருக்கே திரும்பினார். இவ்வாறு நிலமும் வீடும் பேணி வாழ்ந்த அவர் எந்திரத் தொழிலையே பிழைப்பாகக் கொண்டவர் அல்லர் என்பது கருதற்பாலது.

இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், பனிக்காலமொன்றில் அம்மையார் நியூயார்க் நகருக்குச் சென்றிருந்தார். மழையும் பனியும் கலந்து பெய்த ஒருநாள் அவர் டிராம் வண்டியிற் சென்றனர். முன்புறக் கண்ணாடியிற் பனி படிந்து வழியை மறைத்தது. வண்டியோட்டுபவன் வேறு வகையறியாது கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்தே ஓட்டினான். குளிர்காற்றும் பனியும் அவன் முகத்தில் அறைந்தன, உள்ளிருந்தோரும் நடுங்கினர். அக்காலத்தில் அஃது எங்கும் காணப்பட்ட காட்சி. பலரும் அதனை இயல்பென்று பொறுத்தனர். அம்மையாரோ, உள்ளிருந்தபடியே கண்ணாடியைத் துடைத்தற்கு வழி யாது என்று சிந்திக்கத் தொடங்கினார்.

ஊர் திரும்பியதும் தம் எண்ணத்தை வரைபடமாக எழுதுவித்து, உள்ளூர்க் கம்பெனியொன்றைக் கொண்டு மாதிரியொன்றையும் செய்வித்தார். வண்டியின் உள்ளே ஒரு கைப்பிடி. அதனை அசைப்பின், வெளியேயுள்ள கோலொன்று கண்ணாடியின்மேற் சுழன்றாடும். அக்கோலின் விளிம்பில் இரப்பர் பொருத்தப்பட்டிருக்கும். கோல் கண்ணாடியை விட்டு விலகாதிருத்தற்கு எதிர்ப்பாரமொன்றும் அமைத்தார். மழையில்லாக் காலத்திற் கருவியைக் கழற்றி வைத்தலும் கூடும். 1903-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் விண்ணப்பித்து, அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் 743,801 என்னும் எண்ணுள்ள காப்புரிமையைப் பெற்றார்.

அவ்வெதிர்ப்பாரத்தில் அம்மையாரின் நுண்ணறிவு விளங்குகின்றது. இரப்பர் விளிம்பு கண்ணாடியை எங்கணும் ஒருபடித்தாக அழுத்தினாலன்றி நீர் முற்றும் நீங்காது. கோடுகோடாகத் தேங்கி நிற்கும். இக்காலத்து வைப்பர்களிலும் இக்குறையே பெரிது. வெயிலால் இரப்பர் இறுகி வெடித்தலும், விளிம்பில் மணல் ஒட்டுதலும், சாலைத் தூசியும் எண்ணெய்ப் பசையும் கண்ணாடியிற் படிதலும் அக்கோடுகளுக்குக் காரணங்களாம். ஆதலின் கண்ணாடியைச் சவர்க்கார நீரால் நன்கு கழுவி, இரப்பர் விளிம்பையும் ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். அதன் பின்னும் கோடு நீங்காதாயின் இரப்பரை மாற்றுதலே தகும். உலர்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டின், இடைப்பட்ட மணல் கண்ணாடியைக் கீறிவிடும். இரவில் எதிர்வரும் விளக்கொளி அக்கோடுகளிற் பட்டுச் சிதறுங்கால், வழியில் நடப்போன் ஓட்டுவோன் கண்ணுக்குத் தோன்றாது மறைதலுங் கூடும். ஒரு சிறு துடைப்பில் ஓர் உயிர் அடங்கியுள்ளது.

இத்துணைப் பயனுடைய கருவியை அக்காலத்தார் ஏற்றிலர். 1905-ஆம் ஆண்டில் அம்மையார் தம் உரிமையை விற்கக் கருதிக் கானடா நாட்டுக் கம்பெனியொன்றுக்கு எழுத, வாணிகப் பயன் போதாதென்று அவர்கள் மறுத்துவிட்டனர். மோட்டார் வண்டிகள் அருகியே இருந்த காலம் அது. ஹென்றி போர்டு என்பாரின் புகழ்பெற்ற டி மாதிரி வண்டியும் 1908-ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. அம்மையாரின் காப்புரிமை 1920-ஆம் ஆண்டில் முடிவுற்றது. அதன்பின் வண்டிகள் மேலும் பல்கின. துடைப்பானும் எங்கும் பரவிற்று. 1922-ஆம் ஆண்டில் காடிலாக் கம்பெனியார் அதனைத் தம் வண்டிகளுக்கு இன்றியமையா உறுப்பாக அமைத்தனர் என்பர். ஆயினும் அம்மையாருக்கு அதனால் ஒரு காசும் கிடைத்திலது.

அவர் மணஞ்செய்து கொள்ளாது, பர்மிங்காம் நகரிலிருந்த தம் மாளிகையையே பேணி வாழ்ந்து, 1953-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 27-ஆம் நாள், டென்னசி மாகாணத்து மாண்டீகிள் என்னும் ஊரில் தம் 87-ஆம் அகவையில் காலமானார். 58 ஆண்டுகள் கழிந்து, 2011-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

அன்பர்காள்! அன்று அந்த டிராம் வண்டியில் இருந்தோர் பலர். ஓட்டுவோன் படும் துன்பத்தை அனைவரும் கண்டனர். அதனை நீக்கும் வழியை நாடினவர் அம்மையார் ஒருவரே. பிறர் படும் சிறு துன்பமும் நம் சிந்தனைக்குரியது என்பதை அவர் வாழ்க்கையினின்று அறிவோமாக. அதற்குரிய ஊதியம் நம் வாழ்நாளில் வாராதொழியினும், செய்த நற்செயல் மழைதோறும் பிறர்க்குப் பயன்பட்டுக்கொண்டே இருக்கும்.