பறவைகளின் தோழர் சலீம் அலி

பங்குனி மாதத்துப் பிற்பகலில் அன்னவாசல் பக்கத்து வண்டிப்பாதைகளில் நடந்தால், நம் மாவட்டத்தின் பெருஞ்செல்வம் ஒன்று கண்ணில் படும். நீர் வற்றிவரும் கண்மாயில் கொக்குகள் மீன் தேடும். கம்பியின்மேல் பனங்காடையும் கரிச்சானும் அமர்ந்திருக்கும். கிணற்றோரப் பனையில் தூக்கணாங்குருவியின் பழைய கூடுகள் காற்றில் ஆடும். இவற்றையெல்லாம் வெறுமனே பார்த்துச் செல்லாமல் கூர்ந்து நோக்க நம் நாட்டவர்க்குக் கற்பித்த பெருமகனார் டாக்டர் சலீம் அலி.

அவர் 1896 நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். மூன்று வயதிற்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தார். மாமா அமிருத்தீன் தயாப்ஜியின் இல்லமே அவருக்குத் தாய்வீடாயிற்று. தொடக்கக் கல்வியைத் தம் சகோதரியருடன் ஒரு பெண்கள் பள்ளியிலேயே கற்றார் என்பது மாணவியராகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி!

சிறுவயதில் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டார். மாமாவுக்கும் தெரியவில்லை. அவர் சிறுவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளர் மில்லார்டு பதப்படுத்திய பறவைகள் பலவற்றைக் காட்டி, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என விளக்கினார். விளையாட்டாகக் கொன்ற ஓர் உயிர், வாழ்நாள் முழுவதற்குமான கேள்வியாக மாறிவிட்டது.

படிப்பு அவருக்கு எளிதாக வரவில்லை. கல்லூரியை இடையில் விட்டுப் பர்மாவுக்குச் சென்றார். திரும்பி வந்தபின், புனித சவேரியார் கல்லூரியின் இயேசு சபைத் துறவி பிளாட்டர் அடிகளார் அவருடைய ஆர்வத்தைக் கண்டு, விலங்கியல் பயிலத் தூண்டினார். ஆயினும் பட்டம் இல்லாததால் அரசு விலங்கியல் ஆய்வகத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பெர்லின் சென்று பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மனிடம் பயின்று திரும்பியபோது, அருங்காட்சியகத்தில் முன்பு பார்த்த வேலையும் இல்லாமற் போயிற்று.

அவர் மனம் சோரவில்லை. கிஹிம் என்ற கடற்கரைச் சிற்றூரில் தங்கித் தூக்கணாங்குருவிகளைக் கவனித்தார். கூட்டைப் பின்னுவது ஆண் குருவி; பாதி முடிந்த கூட்டைப் பெண் குருவி வந்து பார்த்து, பிடித்தால் மட்டுமே ஏற்கும்; பின்னர் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கும். இதனைக் கட்டுரையாக வெளியிட்டார். நம் பனைமரத்துக் கூடுகளின் கதையும் இதுவே.

காடு மேடெங்கும் உடன் வந்த மனைவி தெஹ்மினா 1939இல் மறைந்தார். அத்துயரையும் தாங்கிக்கொண்டு பணியைத் தொடர்ந்தார். 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. 1976இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1985இல் எழுதிய தன்வரலாற்றுக்கு ஒரு குருவியின் வீழ்ச்சியையே தலைப்பாக்கினார். சிட்டுக்குருவியையும் மறவாத இறைவனை நற்செய்தியில் அறிந்த நமக்கு அத்தலைப்பு உள்ளத்தைத் தொடும். 1987இல் அவர் மறைந்தார். கோவையில் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் இயங்குகிறது.

தோழியரே, அடுத்த விடுமுறையில் ஒரு குறிப்பேட்டுடன் கண்மாய்க்கரைக்குச் செல்வோம். நாளையும் இடத்தையும் கண்ட பறவையையும் எழுதுவோம். தெரியாததைக் கூச்சமின்றிக் கேட்போம். கண்மாய் தூர்ந்தால் பறவைக்கு இடமில்லை என்பதையும் நம் ஊராருக்கு எடுத்துச் சொல்வோம்.