சாராயத்துக்குக் காவல் போட்ட சவேரியார்

1544-ம் வருஷம். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் கிராமத்துக்கு ஒரு கட்டளை வந்தது. சாராயம் குடிக்கும் பெண்ணுக்கு மூன்று நாள் காவல். அவளைக் கண்டுபிடிக்கும் சேவகனுக்கு ஆளுக்கு ஒரு பணம். இனியும் ஊரில் சாராயம் ஓடினால், ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகளே அதற்குப் பதில் சொல்ல வேண்டும்!

கட்டளை போட்டவர் ராஜாவும் அல்ல, படைத் தளபதியும் அல்ல. கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடந்த ஒரு துறவி. அவர்தான் புனித சவேரியார்.

கோட்டையில் பிறந்தவர்

இன்றைய ஸ்பெயின் நாட்டின் வடக்கே அன்று நவார் என்ற சிறு ராஜ்யம் இருந்தது. அங்கே சவேரியார் கோட்டையில் 1506 ஏப்ரல் 7-ந் தேதி அவர் பிறந்தார். பெரிய குடும்பம், செல்லப் பிள்ளை. 19-வது வயதில் பாரிஸ் நகரத்துக்குப் படிக்கப் போனார். பட்டம் வாங்கினார், பாடமும் நடத்தினார். நல்ல பதவி காத்திருந்தது.

அங்கேதான் இஞ்ஞாசியாரின் நட்பு கிடைத்தது. மனம் மாறியது. 1534 ஆகஸ்ட் 15-ந் தேதி ஏழு நண்பர்கள் ஒன்று சேர்ந்து வறுமை விரதம் எடுத்தார்கள். அந்த எழுவரில் சவேரியாரும் ஒருவர்.

1541-ல் லிஸ்பனில் கப்பல் ஏறினார். வழியில் மொசாம்பிக்கில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். தாமும் காய்ச்சலில் விழுந்தார். 1542 மே 6-ந் தேதி கோவா வந்து சேர்ந்தார். அதே வருஷம் அக்டோபரில் முத்துக்குளித்துறையில் கால் வைத்தார்.

மணி ஓசையும் மணப்பாடும்

வேம்பாரிலிருந்து கன்னியாகுமரி வரை நீண்ட கரை அது. கடலுக்குள் முத்துப் பார்கள், கரையில் பனங்காடுகள். அங்கே வாழ்ந்த பரதவ மக்கள் சில வருஷங்களுக்கு முன்புதான் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கற்றுக் கொடுக்க ஆளில்லை. வந்தவருக்கோ தமிழ் தெரியாது!

சவேரியார் சோர்ந்துவிடவில்லை. இரண்டு மொழியும் அறிந்தவர்களைத் தேடிப் பிடித்தார். ஜெபங்களைத் தமிழில் எழுத வைத்தார். மனப்பாடம் செய்தார். பிறகு மணியை அடித்துக்கொண்டு வீதியில் இறங்கினார். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்கு அந்தப் பிள்ளைகளையே அனுப்பி ஜெபம் சொல்ல வைத்தார். மணப்பாட்டில் கடலோரக் குகை ஒன்றில் அவர் தங்கினார் என்று அந்த ஊர் மக்கள் இன்றும் காட்டுகிறார்கள்.

1544 ஜூனில் வடுகர் படை கரையோரத்தைச் சூறையாடியது. மக்கள் கன்னியாகுமரிப் பக்கம் கடற்பாறைகளில் ஏறிப் பசியும் தாகமுமாய்க் கிடந்தார்கள். சவேரியார் 20 தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று தோணிகளைத் திருப்பி விட்டது. அப்போதும் அவர் விடவில்லை. கால்நடையாகவே போய்ச் சேர்ந்தார்.

இப்படிப் பாசம் காட்டிய மனிதர்தான் சாராயம் என்றதும் கண்டிப்பு காட்டினார். தம் துணைவர் மான்சிலாஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில்தான் அந்தக் கட்டளை இருக்கிறது. பெண்களைக் குறிப்பிட்டுச் சொன்ன தண்டனை அது. இன்றைய கண்ணுக்கு அது நியாயமாகத் தோன்றாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடித்தவரோடு அவர் நிறுத்தவில்லை. குடிக்க விட்ட ஊர்ப் பெரியவர்களையும் பொறுப்பாளி ஆக்கினார்.

இரண்டு கரைகள்

சவேரியார் 1545-ல் மயிலாப்பூர் வந்தார். அங்கிருந்து மலாக்கா போனார். 1549 ஆகஸ்ட் 15-ந் தேதி ஜப்பானில் காகோஷிமா துறையில் இறங்கினார். அங்கே திராட்சைத் தோட்டம் இல்லை. மக்கள் அரிசியில் செய்த மதுவைக் குடிக்கிறார்கள் என்று ஊருக்கு எழுதினார்.

அவர் பார்த்த இந்த இரண்டு கரைகளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அது உடம்புக்குள் இருக்கும் வித்தியாசம். அந்தக் காலத்தில் உலகில் எந்த வைத்தியருக்கும் அது தெரியாது.

நாம் குடிக்கும் மதுவை ஈரல் இரண்டு படியாக உடைக்கிறது. முதல் படியில் அது அசிட்டால்டிஹைடு என்ற விஷப் பொருளாக மாறுகிறது. இரண்டாவது படியில் ஒரு நொதி அந்த விஷத்தை முறித்து விடுகிறது. ஜப்பான், சீனா, கொரியா நாடுகளில் நூற்றுக்கு 30 முதல் 40 பேருக்கு அந்த நொதி பிறவியிலேயே மந்தம். ஒரு கிண்ணம் குடித்தாலே முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், தலை வலிக்கும், குமட்டும். இதைப் பொறுத்துக்கொண்டு தொடர்ந்து குடிப்பவர்களுக்கு உணவுக் குழாயில் புற்றுநோய் வரும் ஆபத்தும் அதிகம்.

நம் நாட்டில் இந்தக் குறை மிக அரிது. அது நமக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்துவிடக் கூடாது! அங்கே உடம்பு முதல் கிண்ணத்திலேயே எச்சரிக்கிறது. இங்கே காவல்காரன் தூங்குகிறான். குடிப்பது இரவில்; வலிப்பது காலையில். ரத்தத்தில் மது வடியும் நேரத்தில்தான் மண்டை பிளக்கிறது. நீர் வற்றுவது, தூக்கம் கெடுவது, உடம்புக்குள் அழற்சி கிளம்புவது எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை இது.

ஒற்றைத் தலைவலிக்காரர்கள் கதை வேறு. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், மது தங்களுக்கு வலியைக் கிளப்பி விடுகிறது என்கிறார்கள். சிலருக்குக் கொஞ்சம் குடித்தாலே போதும். அது மனக் கோழைத்தனம் அல்ல, உடம்பின் வாகு.

கடலில் மூழ்குகிறவனுக்குத் தலைவலி சின்ன விஷயமா? முத்துக்குளிப்பவர் கல்லைக் கட்டிக்கொண்டு ஐந்து முதல் பத்து பாகம் ஆழம் இறங்குவார். அங்கே காதையும் நெற்றியையும் தண்ணீர் அழுத்தும். மது மூக்கின் உள்தோலை வீங்க வைக்கும்; அழுத்தம் சரியாகாமல் வலி கூடும். 1961-க்குப் பின் தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனாலும் சங்கு குளிப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை இன்றும் பொருந்தும்.

வேலி வெளியிலா, உள்ளேயா?

சவேரியார் போட்டது வெளி வேலி. அவருக்கு 400 வருஷம் கழித்து, 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் மது விலக்கு வந்தது. அதுவும் வெளி வேலிதான். 1971-ல் அது தளர்ந்தது.

விசித்திரம் பாருங்கள்! அதே 1948-ல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் உள் வேலி ஒன்றை வெளியிட்டார்கள். டைசல்பிராம் என்ற மாத்திரை அது. மேலே சொன்ன அதே நொதியைத் தடுக்கும். மாத்திரை போட்டவர் குடித்தால் முகம் சிவந்து, தலை வலித்து, வாந்தி வரும். ஜப்பானியருக்குப் பிறவியில் வந்ததை மருந்து வரவழைக்கிறது! குடியை விட விரும்புகிறவர்களுக்கு இன்றும் டாக்டர்கள் இதைத் தருகிறார்கள். ஆனால் டாக்டர் மேற்பார்வை இல்லாமல் தொடவே கூடாது. குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுப்பது உயிருக்கே உலை வைக்கும்.

இன்னொரு தலைவலியும் உண்டு. கள்ளச் சாராயம் குடித்தவருக்குத் தலை வலித்து, பார்வையும் மங்கினால் அது மெதனால் விஷமாக இருக்கலாம். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது இந்த மெதனால்தான்.

சவேரியாரின் கடைசி ஆசை சீனாவுக்குள் நுழைவது. அது நிறைவேறவில்லை. சீனக் கரைக்கு எதிரே சான்சியன் தீவில் ஒரு குடிசையில் காய்ச்சலாய்க் கிடந்தார். 1552 டிசம்பர் 3-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 46. உடலை 1554-ல் கோவாவுக்குக் கொண்டு வந்தார்கள். 1622-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது.

சேவகனும் சிறையும் போட்டு அவர் காக்க நினைத்தது மனிதனின் தெளிந்த தலையை. ஆனால் சேவகன் எல்லா வீட்டு வாசலிலும் நிற்க முடியாது. மறுநாள் காலை வரும் தலைவலியோ தவறாமல் வந்து கதவைத் தட்டும். அதை மாத்திரையால் அடக்கிவிட்டு மாலையில் மறுபடி கடைக்குப் போகிறவர், தமக்கென்று வந்த ஒரே காவல்காரனையும் விரட்டி விடுகிறார். அவன் சொல்வதை முதல் நாளே கேட்கிறவர் பிழைத்துக்கொள்வார்.