புச்சிபாபுவின் வைராக்கியம்

குன்றத்தூர் முருகன் மலைக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், காலி இடம் எங்கே இருக்கிறதோ அங்கே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். மூன்று குச்சி, ஒரு மட்டை, ஒரு ரப்பர் பந்து. பந்து பக்கத்து வீட்டுக் கொல்லையில் விழுந்து விட்டால், எடுத்து வர யார் போவது என்று சண்டை. பம்மல், பல்லாவரம், தாம்பரம் எங்கே போனாலும் இதே காட்சிதான்.

அவர்களில் ஆட்டம் நன்றாகத் தெரிந்த ஒரு பையனிடம் புச்சிபாபு யார் என்று கேளுங்கள். அது ஒரு போட்டியின் பெயர் என்பான். தவறில்லை. ஆண்டுதோறும் தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் போட்டி நடக்கிறது. ஆனால் அது ஒரு மனிதரின் பெயர் என்று அறிந்தவர்கள் குறைவு.

குன்றத்தூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சேப்பாக்கத்தில், இந்தியருக்கு உட்கார இடம் இல்லாத ஒரு காலம் இருந்தது. ஆடலாம். ஆனால் உட்காரக் கூடாது. அந்த நிலையை மாற்றப் பாடுபட்டவர்தான் புச்சிபாபு.

துபாஷி வீட்டுப் பிள்ளை

மோதவரப்பு வேங்கட மகிபதி நாயுடு என்பது அவருடைய முழுப் பெயர். 1868ஆம் ஆண்டு பிறந்தார். புச்சிபாபு என்பது கூப்பிடும் பெயர். ஊரெல்லாம் அப்படியே கூப்பிட்டதால், முழுப் பெயர் மறைந்து போயிற்று.

பெரிய செல்வக் குடும்பம். தாத்தா பாரி கம்பெனியில் துபாஷி. துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். வெள்ளைக்கார வியாபாரிக்கும் நம்மவர்களுக்கும் நடுவில் நின்று பேச்சை முடித்துக் கொடுப்பவர். சென்னையில் பாரிமுனை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது அல்லவா? அந்தப் பாரி கம்பெனிதான். துபாஷி வேலை பார்த்தவர்களிடம் பணம் கொழித்தது. மயிலாப்பூரில் லஸ் ஹவுஸ் என்ற மாளிகையில் புச்சிபாபுவின் குடும்பம் வாழ்ந்தது.

பிள்ளைகளை வளர்க்க வெள்ளைக்காரத் தாதிகளை வைத்திருந்தார்கள். அந்தத் தாதிகள் மாலை நேரத்தில் குழந்தைகளைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துப் போவார்கள். அங்கே துரைமார்கள் வெள்ளைச் சட்டை போட்டுக் கொண்டு பந்து ஆடுவார்கள். தாதிக்கு அது சொந்த நாட்டு ஆட்டம். குழந்தைக்கோ புதுமை. பார்த்துப் பார்த்து, சிறுவன் புச்சிபாபுவுக்கு ஆட்டத்தின் மேல் ஆசை வந்து விட்டது. அந்த ஆசை சாகும் வரை விடவில்லை.

சேப்பாக்கத்தில் ஆடியவர்கள் சென்னை கிரிக்கெட் கிளப்பைச் சேர்ந்தவர்கள். 1846இல் தொடங்கிய சங்கம் அது. வெள்ளைக்காரர்கள் மட்டுமே அதில் சேரலாம். நம்மவர்களில் எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் அங்கே கதவு திறக்காது. லஸ் ஹவுஸ் பிள்ளைக்கும் திறக்காது. பணம் இருந்தால் எல்லாம் நடக்கும் என்பது அந்த இடத்தில் மட்டும் பலிக்கவில்லை.

மர நிழலில் சாப்பாடு

எப்போதாவது இந்தியர்களோடு துரைமார்கள் ஆடுவது உண்டு. காலையில் ஆட்டம் தொடங்கும். மத்தியானம் சாப்பாட்டுக்கு நிற்கும். வெள்ளைக்காரர்கள் படியேறிப் பெவிலியனுக்குள் போவார்கள். பெவிலியன் என்பது ஆட்டக்காரர்கள் உடை மாற்றவும், இளைப்பாறவும், சாப்பிடவும் மைதானத்தை ஒட்டிக் கட்டிய கட்டடம். நம்மவர்களுக்கு அங்கே இடமில்லை. மைதானத்தின் ஓரத்தில் மரங்கள் இருந்தன. அந்த மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான்.

காலை முழுவதும் ஒரே வெயிலில் ஓடியவர்கள். ஒரே பந்தைத் தொட்டவர்கள். சாப்பாட்டு வேளை வந்ததும் ஒரு கட்சிக்குக் கூரை, இன்னொரு கட்சிக்கு மரம்.

மரத்தடியில் சாப்பிடுவது நம் ஊரில் இழிவு அல்ல. உழவன் வயல் வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறான். அதில் என்ன குறை? ஆனால், நீ உள்ளே வரத் தகுதியில்லாதவன் என்று சொல்லி மரத்தடியைக் காட்டுவது வேறு. இந்த வித்தியாசம் புச்சிபாபுவின் மனத்தில் முள்ளாகத் தைத்தது.

அவர் நினைத்திருந்தால் ஆட்டத்தையே விட்டிருக்கலாம். மாளிகை இருந்தது, வசதி இருந்தது. அல்லது மற்றவர்களைப் போல, இது காலத்தின் வழக்கம் என்று பொறுத்துக் கொண்டிருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. நமக்கென்று ஒரு சங்கம், நமக்கென்று ஒரு திடல், துரைமார்களுக்குச் சமமாக நிற்கக் கூடிய ஒரு கட்சி வேண்டும் என்று முடிவு செய்தார்.

இருபது வயது இளைஞரின் சங்கம்

1888ஆம் ஆண்டு சென்னை ஐக்கிய கிளப் பிறந்தது. இங்கிலீஷில் மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்று பெயர். அப்போது புச்சிபாபுவுக்கு வயது இருபது. கோட்டைக்குப் பக்கத்தில் எஸ்பிளனேடு என்ற வெளியில் திடல் அமைந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளில், 1892இல், உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடம் எழுந்ததும் அந்தப் பக்கத்தில்தான்.

சங்கம் தொடங்குவது சுலபம். நடத்துவதுதான் கடினம். கிரிக்கெட் செலவு பிடித்த ஆட்டம். மட்டை சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். பந்து, காலுறை, கையுறை, வெள்ளை உடை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் படித்த நம் இளைஞர்களில் பலருக்கு அது எட்டாக் கனி. புச்சிபாபு தம் பணத்தை எடுத்துச் செலவு செய்தார். ஆர்வமுள்ள இளைஞர்களைத் தேடிச் சேர்த்தார். மட்டையும் உடுப்பும் வாங்கிக் கொடுத்தார்.

எதிரே நின்றவர்கள் யார்? இங்கிலாந்தில் பள்ளி நாள் முதல் பயிற்சி பெற்று, கப்பலேறி வந்த அதிகாரிகளும் பட்டாளத்து ஆட்களும் வியாபாரிகளும். அவர்களுக்கு நல்ல திடல், நல்ல கருவி, ஓய்வு நேரம் எல்லாம் உண்டு. நம் பக்கத்தில் இருந்தது ஆசை ஒன்றுதான். தராசில் எந்தத் தட்டு கனம் என்று சொல்ல வேண்டியதில்லை. பந்தயம் கட்டுகிற எவனும் அந்தக் கட்சியின் பேரில் ஒரு காசு கட்டியிருக்க மாட்டான். அந்தக் கட்சியோடுதான் புச்சிபாபு தம் வாழ்நாளைப் பிணைத்துக் கொண்டார். சும்மா பணம் கொடுத்து விட்டு ஒதுங்கி நிற்கவில்லை. தாமே திடலில் இறங்கி ஆடினார்.

பம்பாயும் சென்னையும்

பம்பாயில் இந்தக் காரியம் முன்பே தொடங்கி விட்டது. அங்கே பார்சிகள் 1848இல் சங்கம் கண்டார்கள். 1886இல் இங்கிலாந்துக்கே போய் ஆடி வந்தார்கள். 1890இல், இங்கிலாந்திலிருந்து வெர்னன் என்பவர் தலைமையில் வந்த கட்சியைத் தோற்கடித்தார்கள். நாடே வியந்தது. 1892 முதல் பம்பாயில் பார்சிகளுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் ஆண்டுதோறும் பந்தயம் நடந்தது. பிறகு 1907இல் இந்துக்கள் சேர்ந்தார்கள். 1912இல் முஸ்லிம்கள் சேர்ந்தார்கள். ஒவ்வொரு மதத்துக்கும் ஒரு கட்சி. பின்னாளில் அதனால் கசப்பு வளர்ந்தது. மதத்தின் பேரால் விளையாட்டு வேண்டாம் என்று 1940இல் காந்தியடிகளே சொல்லும்படி ஆயிற்று.

சென்னையில் அப்படிப் பிரியவில்லை. ஒரு பக்கம் வெள்ளைக்காரர்கள், மறுபக்கம் இந்தியர்கள், அவ்வளவுதான். இந்துவா, முஸ்லிமா, கிறிஸ்தவரா என்ற கேள்வி அந்த ஆட்டத்தில் எழவில்லை. சங்கத்தின் பெயரிலேயே ஐக்கியம் இருந்தது. சென்னை பெருமைப்பட்டுக் கொள்ள வேண்டிய விஷயம் இது. நாம் இதை அதிகமாகப் பேசுவதே இல்லை.

சென்னை மாகாணத்து இந்தியர்களும் வெள்ளைக்காரர்களும் ஆண்டுதோறும் மோத வேண்டும், இரண்டு கட்சியும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்பது புச்சிபாபுவின் கனவு. மாகாணப் பந்தயம் என்று அதற்குப் பெயர். அதற்காக விடாமல் முயன்றார். ஒன்றல்ல, இரண்டல்ல, சங்கம் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆயின. கடைசியில் துரைமார்கள் இணங்கினார்கள். 1908 டிசம்பர் மாதக் கடைசியில் சேப்பாக்கத்தில் ஆட்டம் என்று முடிவாயிற்று. இந்தியக் கட்சிக்குத் தலைவர் புச்சிபாபு.

வராத தலைவர்

ஆட்டத்துக்குச் சில நாட்களே இருந்தன. எல்லா ஏற்பாடும் முடிந்து விட்டது. அந்தச் சமயத்தில் புச்சிபாபு காலமானார். அவருக்கு வயது நாற்பதுதான்.

யாருக்காக அந்த ஆட்டமோ, அவர் இல்லை. ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை. குறித்தபடி நடந்தது. வேறொருவர் தலைமையில் இந்தியக் கட்சி சேப்பாக்கத்தில் இறங்கியது. இருபது ஆண்டுகள் காத்திருந்தவர் ஒரு வாரம் கூட இருந்திருந்தால், தம் கண்ணால் பார்த்திருப்பார். அந்த ஒரு வாரம் அவருக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1909இல், அவர் நினைவாகப் போட்டி ஒன்று தொடங்கியது. அதுதான் புச்சிபாபு போட்டி. மாகாணப் பந்தயமோ ஏழு ஆண்டுகள் கழித்து, 1915-16 பருவத்தில் நிலைத்தது. பொங்கலை ஒட்டி நடந்ததால் ஜனங்கள் அதைப் பொங்கல் மேட்ச் என்றே அழைத்தார்கள். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, குன்றத்தூர், பல்லாவரம் பக்கத்து ஆட்களுக்கும் சேப்பாக்கம் கிட்டத்தில் வந்து விட்டது.

பிள்ளைகள்

புச்சிபாபு இறந்தபோது மகன் ராமசுவாமிக்குப் பன்னிரண்டு வயது. தாய்வழித் தாத்தாவுக்குத் தத்துப் போனவர். அதனால் கோட்டா ராமசுவாமி ஆனார். அவரும், அண்ணன்மார் பாலையா, வெங்கடராமானுஜுலு ஆகியோரும் தகப்பனார் கனவு கண்ட அதே இந்தியக் கட்சியில் ஆடினார்கள். பேரப்பிள்ளைகள் காலத்திலும் ஆட்டம் அந்தக் குடும்பத்தை விட்டுப் போகவில்லை.

ராமசுவாமி இடது கை ஆட்டக்காரர். டென்னிஸிலும் கெட்டிக்காரர். 1922இல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1936இல், இங்கிலாந்துக்குப் போன இந்தியக் கிரிக்கெட் கட்சியில் சேர்ந்தார். மான்செஸ்டரில் முதல் டெஸ்டு ஆடியபோது அவருக்கு வயது நாற்பது. தகப்பனார் கண்ணை மூடிய அதே வயது! அந்த ஆட்டத்தில் முதல் தடவை 40 ஓட்டம், மறு தடவை 60 ஓட்டம் எடுத்தார். மற்றவர்கள் மட்டையை மூலையில் சாத்தி வைக்கிற வயதில் இப்படி ஆடியவர்கள் சிலரே. முதுமையில், 1985இல், வீட்டை விட்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை. என்ன ஆனார் என்று கடைசி வரை தெரியவில்லை.

இதற்கிடையில் சேப்பாக்கமும் மாறியது. 1934 நவம்பர் 4ஆம் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் அங்கே நடந்தது. சென்னையும் மைசூரும் மோதின. சென்னைக் கட்சியின் தலைவர் ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர். அவர் தலைமையில் முதல் பந்தை வீசியவர் எம்.ஜே.கோபாலன். செங்கற்பட்டு மாவட்டக் கிராமத்தில் பிறந்தவர், எளிய குடும்பத்துப் பிள்ளை. அவருடைய திறமையைக் கண்டுபிடித்து வளர்த்தவரே அந்த ஜான்ஸ்டன்தான். ஏ.ஜி.ராம்சிங் பதினோரு விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஒரே நாளில் சென்னை ஜெயித்து விட்டது. வெள்ளைக்காரரும் இந்தியரும் ஒரே கட்சியாக நின்ற அந்த நாளில், மரத்தடிச் சாப்பாடு யாருக்காவது நினைவு வந்திருக்குமோ என்னவோ.

புச்சிபாபு போட்டி சில ஆண்டுகள் நின்று போயிருந்தது. 2023இல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் அதை மறுபடி தொடங்கியது. இந்தியா முழுவதிலுமிருந்து கட்சிகள் வந்து ஆடின.

பொங்கல் பந்தயம் 1952 வரை நடந்தது. வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போய் விட்ட பிறகு, எதிர்க் கட்சிக்கு ஆள் ஏது? அதே 1952ஆம் ஆண்டு பிப்ரவரியில், அதே சேப்பாக்கத்தில், இந்தியாவும் இங்கிலாந்தும் டெஸ்டு ஆடின. அதற்கு முன் இருபது ஆண்டுகளாக டெஸ்டு ஆடியும் இந்தியா ஒரு தடவை கூட ஜெயித்ததில்லை. விஜய் ஹசாரே தலைவர். வினு மன்காட் அந்த ஆட்டத்தில் பன்னிரண்டு பேரை ஆட்டமிழக்கச் செய்தார். பிப்ரவரி 10ஆம் தேதி, ஒரு இன்னிங்ஸ் 8 ஓட்டம் வித்தியாசத்தில் இந்தியா வென்றது. ஆட்டம் முடிந்ததும் இந்திய ஆட்டக்காரர்கள் படியேறிப் பெவிலியனுக்குள் போனார்கள்.