ஜூலியஸ் ரோசன்வால்ட்

ஐக்கிய அமெரிக்காவிலே, ஜெர்மனியினின்றும் குடியேறிய யூத குடும்பத்தில் 1862 ஆம் ஆண்டு பிறந்த இவர், உடை வாணிகத்திற் பழகி, 1895 இல் சியர்ஸ் ரோபக் கொம்பனியிற் பங்காளராகிப் பெரும்பொருள் ஈட்டினார்.

1912 இலே டஸ்கீகி கல்விநிலையத்துக்கு 25,000 டொலர் உதவினார். அதன் தலைவர் புக்கர் வாஷிங்டன், எஞ்சிய சிறுதொகைகொண்டு அலபாமாவிலே கறுப்பினச் சிறார்க்கு ஆறு பள்ளிகள் கட்ட உடன்பாடு வேண்டினார், இவர் இசைந்தார். அவ்வாறும் வித்தாக, 1932 அளவில் பதினைந்து மாகாணங்களிலே 4,977 பள்ளிகள் எழுந்தன. ஆசிரியர்க்கு இல்லங்களும் சில கட்டப்பட்டமை நம்மனோர் கருதற்பாலது.

முழுச்செலவையும் இவர் கொடுத்தாரல்லர். ஊரவர் பங்கும் அரசினர் பங்கும் சேர்ந்தாலன்றி நன்கொடை கிடையாது. ஏழை உழவர் பள்ளிக்கெனப் பருத்தி விளைத்தும், மரமுதவியும், உடலுழைத்தும் ஈந்தது 47 இலட்சம் டொலருக்கு மேலாகும். இவர் நிதி தந்ததோ 43 இலட்சத்துச் சொச்சம். வரியிறுத்த ஏழைகளே மீளவுங் கொடுப்பது முறையோவெனின், முறையன்று. அப்பழி அவர் வரியை வெள்ளையர் பள்ளிகளுக்கே பெரிதுஞ் செலவிட்ட அரசினரைச் சாரும். எனினும், கட்டிய பள்ளியை அரசினர் ஏற்று நடத்தல் வேண்டுமென்னும் விதி அவரை ஓரளவு பிணித்தது.

நிதியை என்றுங் குறையாது பூட்டிவைத்தலை இவர் விரும்பிலர். தாம் இறந்து 25 ஆண்டினுள் முதலும் செலவாகவேண்டுமெனப் பணித்து, 1932 இல் மறைந்தார். 1948 இலே அந்நிதி முற்றச் செலவாகி மூடப்பட்டது.