தம் எண்ணத்தைத் தாமே கண்ட கணித மேதை

வகுப்பறையில் சாளரத்தின் வழியே நோக்கியிருக்கும் மாணவனைக் கடிந்துகொள்வது ஆசிரியராகிய நமக்கு இயல்பு. அலையும் உள்ளம் கற்கும் உள்ளமன்று என்பது நம் துணிபு. அத்துணிபை அசைத்துப் பார்ப்பது பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் ஹென்றி புவான்காரேயின் வாழ்க்கை.

1854-இல் நான்சி நகரில் மருத்துவப் பேராசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், சுரங்கப் பொறியியல் பயின்று, 1879-இன் இறுதியில் கான் நகரில் கணிதம் கற்பிக்கலானார். அங்கு, ஒருவகைச் சார்புகள் இருத்தல் இயலாது என நிறுவப் பதினைந்து நாள் முயன்றார், பயனில்லை. ஒருநாள் மாலை, வழக்கத்திற்கு மாறாகக் கடுங்காப்பி அருந்தினார். உறக்கம் வரவில்லை. எண்ணங்கள் கூட்டமாய் எழுந்து ஒன்றோடொன்று மோதின. அவற்றுள் சில பிணைந்து நிலைத்தன. தாம் இல்லையென எண்ணியவை உண்டென்பதை விடிவதற்குள் கண்டுகொண்டார். அவையே பின்னர் அவர் ஃபுக்சியன் சார்புகள் எனப் பெயரிட்டவை.

அடுத்து நிலவியல் ஆய்வுப் பயணம் ஒன்றில் கலந்துகொண்டார். பயண அலைச்சலில் கணிதம் மறந்தே போயிற்று. கூத்தான்ஸ் என்னும் ஊரில் வண்டிப் படியில் கால் வைத்த நொடியில், அச்சார்புகளுக்குத் தாம் பயன்படுத்திய உருமாற்றங்களும் யூக்ளிடியமல்லாத வடிவகணிதத்தின் உருமாற்றங்களும் ஒன்றே என்பது தோன்றிற்று. சரிபார்க்க நேரமில்லை, விட்ட பேச்சைத் தொடர்ந்தார். ஊர் திரும்பிய பின்னரே அமைதியாக அதனைச் சரிபார்த்தார்.

இத்தகைய அனுபவம் பலர்க்கும் வாய்த்திருக்கும். அவ்வேளைகளில் தம் உள்ளம் இயங்கிய முறையை அவர் உற்றுநோக்கி நினைவில் இருத்தியதே தனிச்சிறப்பென நாம் கருதுகிறோம். 1908-இல் பாரிசு உளவியல் கழகத்தில் அதனை எடுத்துரைத்தார். உழைத்த உள்ளம் ஓய்ந்திருக்கும்போது, தான் அறியாமலே எண்ணங்களைச் சேர்த்துப் பார்க்கிறது. அவற்றுள் தக்கதைத் தெரிந்தெடுப்பது அழகுணர்வு என்பது அவர் கருத்து. முன்னுழைப்பில்லாத அலைச்சலுக்கு அவர் பயன் கூறவில்லை (சாளரத்து மாணவர்கள் கருதுக!). திடீரெனத் தோன்றுவது பொய்யாகவும் கூடும். சரிபார்த்தே ஏற்றல் வேண்டும் என்றும் எச்சரித்தார்.

தம் உள்ளத்தை இவ்வாறு அறிந்திருந்தமையே இறுதியில் அவரை இக்கட்டில் நிறுத்தியது. வடிவகணிதத் தேற்றம் ஒன்று பல மாதங்கள் முயன்றும் கைகூடவில்லை. சில ஆண்டுகள் அதனை விட்டிருந்தால் அது கனியக்கூடும் என அவர் அறிவார். தம் வயதில் மீண்டும் அதற்குத் திரும்ப இயலுமோ என்னும் ஐயமும் இருந்தது. ஆகவே 1912-இல், நிறுவப்படாத நிலையிலேயே அதனை வெளியிட்டார். புகழின் உச்சியில் இருந்தவர்க்கு இஃது எளிய செயலன்று. அவ்வாண்டு ஜூலை 17-இல், தமது 58-ஆம் அகவையில், பாரிசில் காலமானார். 1913-இல் அமெரிக்க அறிஞர் பிர்க்காஃப் அத்தேற்றத்திற்கு நிறுவல் வெளியிட்டார்.